நான் மெடிக் இல்லை, மெக்கானிக்

முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் இருக்கும் சொந்தக்காரர்கள் முதல் ஆஸ்டின் பொங்கல் விழாவில் பார்க்கிற அண்ணன்கள் வரை எல்லோரும் "ஆர்மியில மெடிக்கா இருக்கியாமே" என்றுதான் பேச்சையே ஆரம்பிக்கிறார்கள். இல்லை. மெடிக் என்றால் அடிபட்ட சிப்பாய்க்குக் களத்திலேயே சிகிச்சை செய்கிறவர். நான் அமெரிக்க ராணுவத்தில் வண்டி மெக்கானிக். திண்டுக்கல்லில் ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்து நான்கு வருஷம் லாரி பட்டறையில் கிடந்தவன், கல்யாணத்தால் கிரீன் கார்டு கிடைத்து டெக்சஸ் வந்து, வேலை ஒன்றும் சரியாக அமையாமல், சேர்ந்தால் குடியுரிமை சீக்கிரம் வரும், படிப்புக்கும் பணம் தருவார்கள் என்று கேள்விப்பட்டுக் கையெழுத்துப் போட்டவன். அவ்வளவுதான் கதை. இருப்பது கில்லீன் ஊரை ஒட்டிய ஃபோர்ட் ஹூட். 2023ல் ஃபோர்ட் கவாசோஸ் என்று பெயர் மாற்றினார்கள், 2025ல் மறுபடி ஹூட் ஆக்கினார்கள், அதற்குள் நான் எத்தனை படிவத்தில் முகவரியை அடித்துத் திருத்தினேன் என்று கணக்கே இல்லை.

ராணுவத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு எண் உண்டு. என்னுடையது 91பி, வாயால் சொல்லும்போது நைன்டி ஒன் பிராவோ. மெடிக் 68டபிள்யூ, அதாவது சிக்ஸ்டி எய்ட் விஸ்கி. அவர்களுக்கு சான் அன்டோனியோவில் ஃபோர்ட் சாம் ஹூஸ்டனில் பயிற்சி. அங்கேயே இ.எம்.டி. பரீட்சையும், அதாவது ஆம்புலன்ஸில் அவசரச் சிகிச்சை செய்கிறவருக்கான தேர்வையும், எழுத வேண்டும், தேறினால்தான் மெடிக். ஆக அவர்களுக்குச் சம்பளத்தோடு, பகல் நேரத்தில், வேலையாகவே அந்தச் சான்றிதழ் வந்துவிடுகிறது. என்னைப் போன்ற ஸ்பேனர் ஆட்களுக்கு வேண்டுமென்றால் ஊர் கல்லூரியில் சாயங்கால வகுப்புக்குப் போய் நாமேதான் வாங்கிக்கொள்ள வேண்டும். இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

எதற்கு இந்த வேலை என்று என் மனைவியே கேட்டாள். காரணம் ஒரு விபத்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐ-14 நெடுஞ்சாலையில் வந்துகொண்டிருந்தபோது எனக்கு முன்னால் ஒரு மோட்டார் பைக் சறுக்கித் தடுப்பில் அடித்தது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஓடினேன். எனக்கு ஒரு தைரியம் இருந்தது, ஏனென்றால் போன மாதம்தான் சி.எல்.எஸ். முடித்திருந்தேன். காம்பாட் லைஃப்சேவர் என்று மெடிக் அல்லாத சிப்பாய்களுக்குச் சில நாள் நடத்துகிற முதலுதவிப் பயிற்சி அது. அதில் கை பழகியது ஒரே ஒரு பொருளுக்கு, ரத்தத்தை நிறுத்த இறுக்கிக் கட்டுகிற டூர்னிகே பட்டை. கையிலோ காலிலோ ரத்தம் பீய்ச்சினால் மேலே இழுத்து மாட்டி, குச்சியை முறுக்கி, நின்றதும் நேரத்தைக் குறித்து வை. கண்ணைக் கட்டிக்கொண்டு செய்தோம், ஒற்றைக் கையால் செய்தோம், புழுதியில் புரண்டு செய்தோம்.

கீழே கிடந்தவருக்குக் கையிலும் காலிலும் ரத்தமே இல்லை. மல்லாந்து கிடந்தார், ஹெல்மெட் கழலவில்லை, குறட்டை மாதிரி ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா, அவர் தொடை, அக்குள், கழுத்து எல்லாம் தடவி ரத்தம் தேடினேன். கிடைக்கவில்லை. மறுபடி தேடினேன். தீயணைப்பு வண்டி வந்தது, ஒரு பெண் இறங்கி வந்து அவர் தலைமாட்டில் மண்டியிட்டு, இரண்டு கைவிரலையும் தாடைக்குக் கீழே கொடுத்து முன்பக்கமாக ஏந்தினார். குறட்டை நின்றது. மூச்சு ஒழுங்காக வந்தது. அவ்வளவுதான், ஒரு கருவியும் இல்லை, பத்து வினாடி வேலை. தாடையைத் தூக்குவதை சி.எல்.எஸ்.ஸிலும் சொல்லித்தான் கொடுத்தார்கள், பொய் சொல்லக் கூடாது, ஆனால் என் கைக்கு அது ஏறவே இல்லை. அந்த மனிதர் பிழைத்தாரா என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து ராத்திரி முழுக்க அந்தக் குறட்டைச் சத்தம்தான் காதில்.

சரி, படிக்கலாம் என்று முடிவு செய்தாயிற்று. நேரம்?

காலை 6:30க்கு உடற்பயிற்சி, ஒன்பது மணியிலிருந்து மாலை ஐந்து வரை மோட்டார் பூல் என்கிற படையின் வண்டிப் பட்டறை, திங்கட்கிழமை என்றால் மொத்தப் படையும் வண்டிக்கு அடியில்தான் படுத்திருக்கும். வகுப்பு செவ்வாயும் வியாழனும் மாலை ஆறு முதல் பத்து, அது போக மாதம் இரண்டு சனிக்கிழமை. பணம் பிரச்சினை இல்லை, கல்லூரிக் கட்டணத்தில் ஒரு கிரெடிட்டுக்கு 250 டாலர் வரை ராணுவமே கட்டுகிறது. ஆனால் அதற்கு மேலதிகாரிகள் ஒப்புதல் கொடுக்க வேண்டும். எங்கள் சார்ஜண்ட் மனுவைப் பார்த்துவிட்டு, "வண்டிக்கு ரத்தம் வந்தா பாக்கப் போறியா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டே கையெழுத்தும் போட்டார், நல்ல மனிதர்.

முதல் தடவை பாதியில் விட்டேன். வகுப்பு தொடங்கி நான்காவது வாரம், எங்கள் பிரிகேடு கலிஃபோர்னியாவில் ஃபோர்ட் இர்வினுக்குப் பயிற்சிக்குப் போகிறது என்று உத்தரவு. மொஹாவி பாலைவனம், ஒரு மாதம். ராணுவக் கடமையால் வகுப்பை விட்டால் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள், ஆனால் அதற்கு கமாண்டர் கடிதம் வேண்டும். அந்தக் கடிதத்தை எழுத வேண்டிய ஆள் லீவில் போய்விட்டார், கடிதம் வருவதற்குள் என் சம்பளத்தில் பிடித்தம் தொடங்கிவிட்டது, திரும்ப வாங்க இரண்டு மாதம் நடந்தேன். இதைப் படிக்கிற யாராவது சேவையில் இருந்துகொண்டு படிக்கப் போகிறீர்கள் என்றால் இதை மட்டும் கேளுங்கள்: வகுப்பில் சேருகிற அன்றைக்கே பயிற்சி அட்டவணையை வாங்கி நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள், வாய்வார்த்தையை நம்பாதீர்கள், எல்லாவற்றையும் காகிதத்தில் வாங்குங்கள். பாலைவனத்துக்குப் பாடப்புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு போனேன். ராத்திரி வெள்ளை வெளிச்சம் கூடாது, நெற்றியில் சிவப்பு விளக்கு மட்டும்தான், அந்த வெளிச்சத்தில் புத்தகத்தில் சிவப்பு மசியில் அச்சடித்த முக்கியமான வரி எதுவும் கண்ணுக்கே தெரியாது. இதயத்தின் படத்தில் சுத்த ரத்தம் ஓடும் பக்கம் மொத்தமும் மாயமாகிவிட்டது.

ஜனவரியில் மறுபடி சேர்ந்தேன். வகுப்பில் பதினெட்டுப் பேர், தீயணைப்புத் துறைக்கு முயற்சி செய்கிற பையன்கள், ஒரு பள்ளிப் பேருந்து ஓட்டுநர் அம்மா, நான் ஒருவன் மட்டும் கிரீஸ் போகாத நகத்தோடு. எல்லோரும் தடுப்பூசிச் சான்று தேடி அலைந்தபோது நான் மட்டும் ராணுவ மருத்துவப் பதிவிலிருந்து ஒரே தாளில் எடுத்துக் கொடுத்தேன், அது ஒன்றில்தான் எனக்கு முதலிடம்.

செய்முறைத் தேர்வில் ஒரு வேடிக்கை உண்டு. எந்த நோயாளியைப் பார்க்க உள்ளே நுழைந்தாலும் முதலில் "பி.எஸ்.ஐ., சீன் சேஃப்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அதாவது கையுறை போட்டுவிட்டேன், இடம் பாதுகாப்பாக இருக்கிறது என்று. சொல்லாமல் விட்டால் பின்னால் எவ்வளவு அழகாகச் செய்தாலும் தோல்விதான். நமக்குப் பிள்ளையார் சுழி மாதிரி. இரண்டே வாரத்தில் வீட்டில் குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கும்போதுகூட வாய் அதை முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டது.

இந்தப் படிப்புக்கும் யுத்தத்துக்கும் பழைய உறவு இருப்பது அங்கேதான் தெரிந்தது. 1966ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் விபத்து மரணங்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. 1965ல் மட்டும் விபத்துக் காயங்களால் 1,07,000 பேர் செத்திருக்கிறார்கள், அதில் 49,000 பேர் வாகன விபத்தில். போர்முனையில் அடிபட்டவனுக்குக் கிடைக்கிற கவனிப்பு நகரத்துச் சாலையில் அடிபட்டவனுக்கு இல்லை என்றது அந்த அறிக்கை. அப்போது நாட்டின் ஆம்புலன்ஸ் சேவையில் ஏறக்குறைய பாதியை நடத்தியவர்கள் யார் தெரியுமா, ஈமச்சடங்கு நிலையக்காரர்கள். ஆளைப் படுக்கவைத்து ஏற்றுகிற மாதிரி நீளமான வண்டி அவர்களிடம்தானே இருந்தது. பிழைத்தால் ஆஸ்பத்திரி, இல்லையென்றால் வண்டி திரும்ப வேண்டிய அவசியமே இல்லை. அதற்குப் பிறகுதான் 1970ல் தேசிய இ.எம்.டி. பதிவேடு உருவானது, அடுத்த வருஷம் முதல் பரீட்சையை 1,520 பேர் எழுதினார்கள்.

எனக்கு உண்மையான பாடம் ஆம்புலன்ஸில்தான். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், மாணவனாகப் பின்னால் உட்கார வேண்டும். முதல் நாள், வயதான அம்மா ஒருவர், சமையலறையில் தரையில் உட்கார்ந்திருக்கிறார், வேர்த்துக் கொட்டுகிறது, கேட்டால் பதில் குழறுகிறது. நான் மண்டியிட்டேன், என் கை தானாக அவர் தோளில் ஆரம்பித்து முதுகுப் பக்கம் ரத்தம் தேடப் போய்விட்டது. ராணுவத்தில் அதுதான் முதல் வேலை. கூட வந்த பாராமெடிக், அதாவது இ.எம்.டி.க்கு மேல்படியில் இருப்பவர், என் தோளைத் தட்டி, மெதுவாக, "அவங்களை யாரும் சுடலை தம்பி" என்றார். (அவர் ஆங்கிலத்தில் "buddy" என்று சொன்னார், எனக்குத் தம்பி என்றுதான் கேட்டது.) விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்தால் 41, ரொம்பக் குறைவு. விழுங்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு, ட்யூபில் வருகிற குளுக்கோஸ் கூழை நான்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பிதுக்கிக் கொடுத்தேன். பத்துப் பதினைந்து நிமிடத்தில் அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, ஷூவைக் கழற்றாமல் ஏன் கம்பளத்தின் மேல் வந்தாய் என்று கேட்டார். அமெரிக்காவில் என்னை யாரும் அப்படிக் கேட்டதே இல்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ராணுவம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இருபது வயது ஆரோக்கியமான ஆளுக்கு ஓட்டை விழுந்தால் எப்படி அடைப்பது என்று. ஆம்புலன்ஸில் பார்த்தது எழுபது வயது, ஏழு மாத்திரை, மூன்று நாளாகச் சாப்பிடாதவர், சொல்ல வெட்கப்படுபவர். முதலாவதற்குக் கை வேகம் போதும், இரண்டாவதற்குக் கேட்கத் தெரிய வேண்டும். எங்கள் படைப்பிரிவு மெடிக் ஒருவன் நெருங்கிய நண்பன், களத்தில் நெஞ்சுக்குள் ஊசி இறக்கிக் காற்றை வெளியேற்றுவான், இருட்டில் ஐ.வி. போடுவான். அவன் சேவை முடிந்து வெளியே போனபோது ஆம்புலன்ஸ் கம்பெனியில் கிடைத்தது சாதா இ.எம்.டி. வேலைதான், ஊசியைத் தொடக் கூடாது. ரொம்ப நாள் இது சுத்த அநியாயம் என்றே பேசிக்கொண்டிருந்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன். மீதிப் பாதி அந்தச் சமையலறைத் தரையில் போய்விட்டது.

இன்னொரு ஷிஃப்ட். நெஞ்சுவலி என்று ஒரு தாத்தா, எழுபதைத் தாண்டியவர், சுவரில் பழைய ராணுவப் படம். பாராமெடிக் ஈ.சி.ஜி. ஒட்டிக்கொண்டிருந்தார், நான் ஒவ்வாமை, ரத்தக் கசிவு எல்லாம் கேட்டு முடித்து நான்கு சின்ன ஆஸ்பிரினைக் கொடுத்து மென்று முழுங்கச் சொன்னேன், ஒவ்வொன்றும் 81 மில்லிகிராம், சேர்த்து 324. ஓடுகிற வண்டியில் ஸ்டெத்தில் ஒன்றும் கேட்காது, மணிக்கட்டில் நாடியைப் பிடித்துத்தான் பி.பி. பார்த்தேன். தாத்தா என் முடிவெட்டைப் பார்த்துவிட்டு, ஆர்மியா, என்ன வேலை என்றார். நைன்டி ஒன் பிராவோ என்றேன். அவர் முகமே மாறிவிட்டது. இறுக்கிப் பிடித்திருந்த கட்டில் கம்பியை விட்டார். "நானும் பிராவோதான். வியட்நாம். அப்ப சரி, நான் நல்ல கையிலதான் இருக்கேன்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பாராமெடிக் என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார், அவரும் பழைய ராணுவக்காரர். இறங்கியபின் சொன்னார். அந்தக் காலத்தில் 91பி என்றால் மெடிக். 2001ல் அதை 91டபிள்யூ ஆக்கினார்கள், 2006ல் 68டபிள்யூ. காலியாகக் கிடந்த 91பி சில வருஷம் கழித்து மெக்கானிக்குகளுக்கு வந்து சேர்ந்தது. தாத்தா அவசரப் பிரிவு நர்ஸிடம், "இவன் மெடிக், என்னைப் போல" என்று அறிமுகம் வேறு செய்துவைத்தார். நான் வாயே திறக்கவில்லை. இன்றைக்கு வரை அவருக்கு உண்மை தெரியாது.

பரீட்சை. கம்ப்யூட்டரில் எழுதுவது, இரண்டு மணி நேரம், 70 கேள்விக்குக் குறையாது, 120ஐத் தாண்டாது. நம் பதிலைப் பார்த்து அடுத்த கேள்வியின் கடினத்தைக் கூட்டிக் குறைக்கும், நாம் தேறுவோமா மாட்டோமா என்று அதற்கு உறுதியானதும் திரை பட்டென்று நின்றுவிடும். எனக்கு நிற்கவே இல்லை. 120 வரை போயிற்று. முந்தின ராத்திரி 24 மணி நேர டியூட்டி, மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை (வழக்கமாக என் மனைவி செய்கிற பிரியாணிக்கு ஒருவன் மாற்றிக்கொள்வான், அன்றைக்கு அவனும் ஊரில் இல்லை), தூங்காமல் போய் உட்கார்ந்தேன். அதை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தோல்வி அறிக்கை வந்தது, எந்தப் பகுதியில் எப்படி என்று போட்டிருக்கும்: விபத்துக் காயத்தில் தேர்ச்சிக்கு மேலே, பொது மருத்துவமும் பிரசவமும் தேர்ச்சிக்குக் கீழே. நெற்றியில் எழுதி ஒட்டிய மாதிரி இருந்தது. பதினைந்து நாள் காத்திருந்துதான் அடுத்த முறை எழுத முடியும். அந்தப் பதினைந்து நாளும் மதிய உணவு நேரத்தில் லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டு பிரசவ அத்தியாயத்தைப் படித்தேன், பட்டறைப் பையன்கள் அடித்த கிண்டலை இங்கே எழுத முடியாது. இரண்டாவது முறை எழுபத்துச் சொச்சத்தில் திரை நின்றது. தேறிவிட்டேன்.

அம்மாவிடம் போனில் சொன்னபோது, "அப்ப நீ 108ல வேலைக்குப் போறியாடா?" என்றார். கிட்டத்தட்ட அதுதான்மா என்றேன். "மெக்கானிக்குன்னா டிரைவர் வேலைதானே தருவாங்க?" என்று அடுத்த கேள்வி. நம் ஊர் 108ல் ஓட்டுநரை பைலட் என்று சொல்வார்கள் என்று சொன்னதும் அதுவே தேவலை என்று சொல்லிவிட்டார்.

இந்த அட்டையால் முகாமுக்குள் எனக்கு ஒன்றும் மாறவில்லை. அங்கே யாருக்காவது அடிபட்டால் மெடிக்தான், நான் பை தூக்கிக் கொடுப்பேன். மாநிலச் சான்றையும் வாங்கி, வெளியில் வேலை செய்ய கமாண்டர் அனுமதியும் வாங்கி, மாதம் இரண்டு சனிக்கிழமை பக்கத்துச் சின்ன ஊர் ஒன்றின் தொண்டர் தீயணைப்பு நிலையத்தில் போய் இருக்கிறேன். சம்பளம் இல்லை, நல்ல காபி உண்டு என்று சொன்னார்கள், அதுவும் பொய்.

போன தீபாவளிக்கு முந்தின வாரம் அம்மா போன். எனக்கு விடிகாலை, அங்கே மத்தியானம் தாண்டியிருக்கும். "அப்பாவுக்கு வாய்வுப் பிடிப்பு போல, ஓமம் குடுத்திருக்கேன்" என்று சாதாரணமாகத்தான் சொன்னார். அப்பாவிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, வகுப்பில் மனப்பாடம் செய்த கேள்விகளை முதல் தடவையாகத் தமிழில் கேட்டேன். எப்ப ஆரம்பிச்சுது, என்ன செஞ்சா கூடுது, எங்க பரவுது, எப்படி வலிக்குது. கடைசிக் கேள்விக்கு இங்கே நோயாளிகள் கூராக வலிக்கிறது, மந்தமாக வலிக்கிறது என்று இரண்டு வார்த்தையில் முடிப்பார்கள். அப்பா சொன்னார்: "குத்தலப்பா. எரிச்சலும் இல்ல. நெஞ்சு மேல ஆள் உக்காந்த மாதிரி பாரமா இருக்கு, இடது தோள்பட்டை கடுக்குது, தாடை வரைக்கும் இழுக்குது." எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. குத்தவில்லை, பாரம், கடுப்பு, தாடை. 108ஐக் கூப்பிடுங்க என்றேன். அம்மா ஓமத்தைப் பற்றி இன்னும் ஏதோ சொல்ல வந்தார், நான் வாழ்க்கையில் முதல் தடவையாக அம்மாவிடம் கத்தினேன்.

வண்டி வந்ததும் அந்தத் தம்பியிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, என்ன மாத்திரை சாப்பிடுகிறார், என்ன ஒவ்வாமை என்று வரிசையாகச் சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை. முடித்ததும், "சார் டாக்டருங்களா?" என்றார்.

"இல்லங்க, உங்கள மாதிரி இ.எம்.டி.தான்."

"அப்ப சரிங்கண்ணே, நான் பாத்துக்கறேன்" என்று போனை வைத்துவிட்டார். அப்பாவுக்கு ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது நடக்கிறார், மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை, அது தனிக் கதை.

சான்றிதழை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மார்ச் 31க்குள் புதுப்பிக்க வேண்டும், 40 மணி நேர வகுப்பு கணக்குக் காட்ட வேண்டும். எனக்கு இன்னும் 14 மணி நேரம் பாக்கி. நேற்று பயிற்சி அட்டவணை ஒட்டினார்கள், பிப்ரவரி முழுக்க ஃபீல்டு. கமாண்டர் கடிதத்துக்கு இன்றைக்கே மனு கொடுத்துவிட்டேன், பிரியாணிக்கு ஆளும் பார்த்துவைத்திருக்கிறேன்.